குடித்ததாகவே இருக்கட்டும்

ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார் கிளினிக் தாதி மிஸி. வெறும் வயிறு என்றால் பிரஷர் மாத்திரையும் கூடாது என்று எடுத்துக்கொண்டேன். எஸ்டேட்டில் வளர்ந்த எங்களுக்குச் சோறு தின்ற பிறகுதான் மருந்து. அன்று பிரஷர் ஏகத்துக்கு ஏறிக் கிடந்தது. மாத்திரை போட்டேனா என்று டாக்டர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மாத்திரையைக் கூட்டிவிட்டார்.

எனக்கு அறுபத்தெட்டு வயது. புக்கிட் காத்தில் பக்கம் ஒரு தொழிற்சாலை வாசலில் ஜாகா வேலை, காவல்காரன். லோரி வந்தால் எழுந்து குறுக்குக் கட்டையைத் தூக்கிவிட வேண்டும். என் மனைவி பிரிஜிட்டுக்கு முழங்கால் போய்விட்டது. இந்த வேலையில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

புது மாத்திரை தொடங்கி நாலைந்து நாள் இருக்கும். லோரி ஹாரன் அடித்தது. எழுந்தேன், கண் இருட்டியது. அப்புறம் தரையில் கிடந்தேன்.

சூப்பர்வைசர் திவாகர் ஓடிவந்து என் வாயை மோந்து பார்த்தான்.

“என்னா கிளீட்டஸ் அங்கிள், காலையிலயே தண்ணியா?”

“நான் தொட்டதே கெடையாது தம்பி.”

“எல்லாரும் இததான்லா சொல்றாங்க.”

“எஸ்டேட்டு ஆளு போஸ், தாய்ப்பாலுக்கு முன்னாடியே கள்ளு குடிச்சிருப்பாரு!” என்று திவாகரிடம் சொன்னான் லோரிக்காரன் காந்தன். எல்லாரும் சிரித்தார்கள்.

மறுநாள் கிளினிக்கில் உட்கார வைத்தும் நிற்க வைத்தும் பார்த்தார்கள். நின்றதும் பிரஷர் சடாரென்று இறங்கியது. ரத்தம் எடுத்த அன்று மாத்திரை போடாமல் வந்ததை அப்போதுதான் சொன்னேன். “மாத்திரைய பச்சத்தண்ணியில போட்டுட்டு வரலாமே அங்கிள், யாரு விடச் சொன்னா?” என்று மிஸி கடிந்துகொண்டார். டாக்டர் பழைய அளவுக்கே குறைத்தார்.

பெயர் கெடாமல் தப்பித்தேன் என்று நேரே திவாகரிடம் போனேன்.

“குடி இல்ல தம்பி. பிரஷர் எறங்கிப் போச்சு, அவ்ளோதான்.”

அவன் கதவைச் சாத்தினான். “குடின்னா ஒரு வார்னிங்தான் அங்கிள். சீக்குன்னா மேல சொல்லணும், உடனே ஆள மாத்திருவாங்க. என்னான்னு சொல்லட்டும்?”

லூபோக் சீனா தோட்டத்தில் என் அப்பா சம்சு சாராயம் குடித்தே செத்தார். அவர் சவப்பெட்டிமேல் கை வைத்துச் சத்தியம் செய்தவன் நான். வேலை போனால் பிரிஜிட் என்ன தின்பாள்?

“குடிச்சிருந்தேன்னே சொல்லுங்க.”

இப்போது நாற்காலியைப் பிடித்து மெதுவாகத்தான் எழுகிறேன். “அங்கிள், நேத்து அடிச்சது இன்னும் எறங்கலையா?” என்று காந்தன் லோரிக்குள்ளிருந்து கத்துகிறான். நானும் பல்லைக் காட்டிவிட்டுக் கட்டையைத் தூக்குகிறேன்.