நீல நூல் கட்டுகள்

ஆய்வு அனுபவம்: இருநூறு சொற்களுக்குள் எழுதவும். இருநூறா? வெட்கத்தை விட்டு எழுதினாலும் இருபதைத் தாண்டாது. ஆஸ்பத்திரி சலவை அறையில் நாலு மாதம் துணி மடித்தேன் என்றா எழுதுவது? மூன்று வருடம் மானுடவியல் படித்ததற்கு இதுதானா மிச்சம்?

படிவத்தைப் பிடித்தபடி, துறைப் பேராசிரியை மேடத்தின் அறை வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள். மேற்படிப்பு விண்ணப்பம் மாலை ஐந்துக்குள் போயாக வேண்டும். கல்விப் பின்னணியில், புள்ளியியலில் ஒருமுறை கவிழ்ந்த கதை பல்லிளித்தது. அதை மறைக்க மேடத்தின் பரிந்துரைக் கடிதத்தை விட்டால் வேறு கதியில்லை. கிடைக்காவிட்டால் மாமா கடையில் பில் போடும் வேலை. நாற்காலியைத் துடைத்தே வைத்துவிட்டார்கள்.

ஆய்வுக்காக அவளைச் சலவை அறைக்குக் கூட்டிப்போனவள், அங்கேயே வேலை செய்யும் சித்தி. அங்கே ஆறு பெண்கள். மடித்த படுக்கை விரிப்புகளை இருபது இருபதாக, அவரவர் நிறத்து நூலால் கட்ட வேண்டும். யார் எவ்வளவு மடித்தார்கள் என்பதை மேற்பார்வையாளர் நூலைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

"நாங்க மடிக்க மட்டும் செய்யுறோம், நீ மடிச்சுக்கிட்டே எழுதவும் செய்யுற. யாருக்கு முதல்ல இடுப்பு ஒடியுதுன்னு பாப்போம்டி" என்று பச்சை நூல்காரி சிரிப்பாள்.

சித்தியுடையது நீலம். நிற்கவே முடியாத நாட்களில் சித்தி மூட்டைகளுக்குப் பின்னால் சுருண்டு படுத்துவிடுவாள். மற்ற ஐவரும் ஆளுக்குக் கொஞ்சம் கூடுதலாக மடித்து நீல நூலால் கட்டுவார்கள். ஒருத்தி இன்னொருத்தியிடம் சொல்ல வேண்டியதே இல்லை. அதைக் கண்டுகொண்ட அன்று அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மூன்று பக்கம் எழுதி, அந்தச் சூட்டோடு மேடத்திடம் காட்டியும் விட்டாள். சித்தியைக் கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

இன்று காலைதான் சித்தியிடம் சொன்னாள். சித்தி திட்டவில்லை.

"அந்த அறிக்கை ஆஸ்பத்திரிக்கும் போகுமா?"

போகும். அனுமதி கொடுத்தபோதே அவர்கள் போட்ட நிபந்தனை. அவர்கள் படித்தால் சித்திக்கு வேலை இருக்காது.

சித்தி வெகுநேரம் நூல்கண்டை உருட்டிக்கொண்டிருந்தாள். "அது இல்லாம உனக்கு ஆகாதுன்னா போட்டுக்கோம்மா. நான் என்னத்தச் சொல்ல."

அறைந்திருந்தால் தேவலை.

"உள்ள வா" என்றார் மேடம். "அறிக்கையில நான் திருத்திக் கொடுத்த மூணு பக்கம் எங்க? ஏன் எடுத்துட்ட?"

"இருக்கறதே ஆறு பேர் மேடம்."

"பேர மாத்திடு. நிறத்த மாத்திடு."

"மூட்டைக்குப் பின்னாடி எட்டிப் பாத்தா தெரிஞ்சிடும் மேடம்."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "உன் அறிக்கையில உயிரே அதுலதான் இருக்கு. அது இல்லாம கடிதத்துல நான் என்னத்த எழுத? பொண்ணு நல்லா துணி மடிப்பான்னா? பக்கத்த இங்க வை. இப்பவே கையெழுத்துப் போடுறேன்."

கடிகாரத்தில் நாலு இருபது. பக்கங்கள் பையில்தான் இருந்தன. வைத்துவிடு, சித்தியே சொல்லிவிட்டாளே என்று உள்ளே ஒருத்தி கெஞ்சினாள். கை பைக்குள் போயிற்று. காகிதத்தின் விளிம்பு விரலில் பட்டது. நூல்கண்டை உருட்டிய விரல்கள் கண்முன் வந்தன. அவள் கையை வெறுமனே வெளியே எடுத்தாள்.

"வேண்டாம் மேடம்." பையை மூடினாள். "நல்லா மடிப்பேன். அதையே எழுதுங்க."