ஒடிக்காத கொடுக்கு

காகிதத்தில் நண்டு செய்யப் போகிறேன் என்றதும் ராஜாம்பாள் அக்கா சிரித்துவிட்டார். நான் வேலை பார்க்கும் ஃபேன்சி ஸ்டோரின் முதலாளி அவர். கள்ளக்குறிச்சி துருகம் ரோட்டில் வளையல், பொட்டு, ரிப்பன், கிஃப்ட் பேப்பர் விற்கிற கடை. பன்னிரண்டு வருஷமாக அங்கே ஊர்ப் பெண்களுக்கு வளையல் மாட்டிவிடுகிறேன். கையைப் பார்த்தால் போதும், அளவு ரெண்டு-நாலா ரெண்டு-ஆறா என்று சொல்லிவிடுவேன். அதற்கு மேல் எனக்கு எதுவும் வராது என்பது அக்காவின் தீர்மானம்.

"மயிலு பண்ணு, அன்னம் பண்ணு. ஷோகேஸ்ல வெக்கலாம். நண்டப் போயி எவ வாங்குவா?"

"விக்கறதுக்கு இல்லக்கா. யாரும் சொல்லித் தராம நானே யோசிச்சிப் பண்ணணும்."

"ஏன், போன்ல வர்றதெல்லாம் போதலியா?"

போதவில்லைதான். போனில் பார்த்துக் கொக்கு, தவளை, முயல் எல்லாம் மடித்துவிட்டேன். வீடியோவில் இருப்பவன் மடி என்றால் மடித்தேன், திருப்பு என்றால் திருப்பினேன். கடைசியில் கொக்கு வந்தது. ஆனால் அது அவனுடைய கொக்கு. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக வயலில் நடு என்றால் நட்டு, அறு என்றால் அறுத்தவர்கள். அரையடிக் காகிதத்திலும் ஒருத்தன் சொல்லித்தான் நான் கையை அசைக்க வேண்டுமா? எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கொக்கின் அலகு, வால், இறக்கை நுனிகளில் ஸ்கெட்ச் பேனாவால் தடவிவிட்டு, அதை அப்படியே பிரித்துப் போட்டேன்.

கோபத்தில் செய்த காரியம் பாடமாகிவிட்டது. அலகின் சாயம் ஒரு மூலையில் இருந்தது. வால் எதிர் மூலை, இறக்கைகள் மற்ற இரண்டு மூலை. நாலு மூலைக்கு நாலு உறுப்பு, கணக்குச் சரி. நண்டுக்கு எட்டுக் கால். மீதி மூலைக்கு நான் எங்கே போவேன்?

சாயம் மூலையில் கால்வட்டமாகப் படிந்திருந்தது. கல்லாவுக்குப் பக்கத்தில் கிடந்த வளையலை எடுத்து அதன்மேல் வைத்தேன். வளைவோடு வளைவு பொருந்தியது. ஒரு கால் வேண்டுமென்றால் அதன் நீளத்துக்குத் தகுந்த வட்டமாகக் காகிதம் ஒதுக்க வேண்டும். மூலையில் என்றால் கால் வளையல், ஓரத்தில் என்றால் அரை வளையல், நடுவில் என்றால் முழு வளையல் இடம். ஒன்றின்மேல் ஒன்று ஏறக் கூடாது. வட்டங்களின் நடுப்புள்ளிகளைக் கோடு போட்டு இணைத்தால் மடிப்பு எங்கே விழும் என்பது பாதி தெரிந்துவிடும். மிச்சப் பாதியை விரல் நோக நோகக் கற்றுக்கொண்டேன். கடையில் கூட்டம் இல்லாத மதியங்களில் பிரவுன் ஷீட்டைப் பரப்பிக் குழந்தை வளையல்களை நகர்த்தி நகர்த்தி வைப்பேன். அக்கா தலையில் அடித்துக்கொள்வார்.

நாலு மாசம் கழித்து எட்டுக் கால் நின்றது. மணிபர்ஸ் அளவு நண்டு. கச்சிராயபாளையம் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அம்மா அப்போதுதான் நடவு முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். பெயர் அமிர்தம். வயல் வேலையே வாழ்க்கை.

"இன்னாடி இது, செலந்தியா?"

"நண்டும்மா."

"கொடுக்கு எங்கடி?"

கொடுக்கை நான் செய்யவே இல்லை. அம்மா வயலில் வளைக்குள் கைவிட்டு நண்டைப் பிடித்ததும் முதல் வேலையாகக் கொடுக்கு இரண்டையும் ஒடித்துவிடுவாள். அங்கே எல்லாரும் அப்படித்தான். ஒடிக்காவிட்டால் கையைப் பதம் பார்த்துவிடும். ஒடித்த கொடுக்கை வரப்பிலேயே சுட்டுத் தின்றுவிடுவார்கள். வீட்டுக்கு வருவது கொடுக்கில்லாத நண்டுதான். என்னை அம்மா சேற்றில் கால் வைக்க விட்டதே இல்லை, படி படி என்று பள்ளிக்கூடத்துக்கு விரட்டினாள். குழம்புச் சட்டியில் பார்த்ததுதான் நண்டு என்று முப்பத்தாறு வயது வரை இருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. வெட்கம் போனதும் பழையபடி கோபம் வந்தது.

அந்த வாரம் கல்வராயன் மலையில் நல்ல மழை. கோமுகி வாய்க்காலில் தண்ணீர் புரண்டது. ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு வயலில் இறங்கினேன். அவள் வளைக்குள் முழங்கை வரை விட்டு ஒன்றை இழுத்தாள். விரல்கள் தாமாகவே கொடுக்கின் அடிக்குப் போய்விட்டன.

"எம்மா, ஒடிக்காத."

"கடிச்சிடும்டி."

"கடிக்கட்டும். நான் பாக்கணும்."

இரண்டு நாள் பக்கெட்டில் வைத்துப் பார்த்தேன். ஒரு கொடுக்கு சின்னது, மற்றது அதைப்போல இரண்டு மடங்கு. நான் குனியும்போதெல்லாம் பெரிய கொடுக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். உள்ளங்கை அளவுதான் உடம்பு, ஒரு அடி பின்வாங்கவில்லை. எனக்கு அதை ரொம்பப் பிடித்துவிட்டது. மூன்றாம் நாள் வாய்க்காலில் விட்டேன்.

பிறகு எல்லாம் முதலிலிருந்து. ஒரு மூலைக்கு ரெண்டு-எட்டு வளையல், அடுத்த மூலைக்கு அதைவிடச் சின்னது, மிச்ச இடத்தில் எட்டுக் குழந்தை வளையல். ஒரு பக்கம் பெரிதானதும் எல்லாக் கோடும் நகர்ந்துவிட்டது. இடப்பக்கம் மடித்ததுபோல வலப்பக்கம் மடிக்க முடியாது. இன்னும் மூன்று மாசம் ஆயிற்று. ஒரு சாயங்காலம் அது மேஜைமேல் கொடுக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. கடை என்றும் பார்க்காமல் அழுதேன்.

கைவினைக் கண்காட்சிக்கு லீவு கேட்டபோது அக்கா பழமொழி சொன்னார். "நண்டு கொழுத்தா வளையில தங்காதாம்."

"தங்கலக்கா," என்றேன்.

கண்காட்சி ஒரு கல்யாண மண்டபத்தில், கூடவே போட்டியும் உண்டு. நடத்தியவர் அரங்கநாதன், கைவினைப் பயிற்சி வகுப்பு வைத்திருப்பவர். ஒவ்வொரு பொருளுக்கு முன்னாலும் ஒரு அட்டை. என் நண்டுக்கு முன்னால் இப்படி இருந்தது: வடிவமைத்தவர் – இணையம். செய்தவர் – செல்லியம்மாள்.

நேராக அவர் மேஜைக்குப் போனேன். "சார், வடிவமைச்சதும் நான்தாங்க."

"எல்லாரும் அப்டித்தாம்மா சொல்லிக்கினு இருக்காங்க. இதெல்லாம் வெளிநாட்டுக்காரன் பண்றது. எந்த வீடியோல பாத்த, அதச் சொல்லு."

நண்டை எடுத்து வந்து அவர் கண்ணெதிரே பிரித்தேன். கூட்டம் கூடிவிட்டது. மடிப்புத் தழும்போடு காகிதம் தட்டையாகக் கிடந்தது. பையிலிருந்த வளையல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் அடுக்கினேன். பத்தும் பத்து இடத்தில் உட்கார்ந்தன.

"கால் இது எட்டும். கொடுக்கு இது ரெண்டும். இப்ப நீங்க மடிங்க சார். வீடியோ பாத்துக்கினே மடிங்க."

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் பக்கம் தள்ளினார். நாற்பது நிமிஷத்தில் நண்டு எழுந்து நின்றது. யாரோ கைதட்டினார்கள்.

அரங்கநாதன் என்னைத் தனியாக அழைத்தார். குரல் இறங்கியிருந்தது. "ஒன்னுதுதாம்மா, ஒத்துக்கறேன். ஆனா ஒரு கொடுக்கு ஜாஸ்தி, ஒண்ணு கம்மி. பாக்கறவங்க தப்புன்னு நெனப்பாங்க. பெருச உள்ள மடிச்சி ரெண்டையும் சமமாக்கிடு. வடிவமைத்தவர்னு ஒம் பேரையே போடறேன். ஒரு மடிப்புதான?"

ஒரு மடிப்புதான். அது எனக்கும் தெரியும். ஏழு மாசமாக நான் கேட்டது வடிவமைத்தவர் என்ற அந்த ஒரு சொல்லுக்குப் பக்கத்தில் என் பெயர், அவ்வளவே. என் கட்டைவிரல் கொடுக்கின்மேல் போய்கூட நின்றது. அப்போது பக்கெட்டில் நின்ற அந்த ஜந்து ஞாபகம் வந்தது.

"நீங்க வளையில கை வுட்டதில்ல சார். வுட்டிருந்தா தப்புன்னு சொல்ல மாட்டீங்க. அத மடிக்க மாட்டேன்."

"அப்ப போட்டில சேக்க முடியாது."

"சேக்காதீங்க."

நண்டைப் பழைய இடத்தில் வைத்தேன். அட்டையில் 'இணையம்' என்பதை அடித்துவிட்டு, வடிவமைத்தவர் – செல்லியம்மாள் என்று பெரிதாக எழுதினேன். இத்தனை பேர் முன்னால் அவர் அதைப் பிடுங்கவில்லை. தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

சாயங்காலம் வேலை முடிந்து அம்மா வந்தாள், கால் விரலிடுக்கில் சேறு காயாமல். நடந்ததைச் சொன்னேன். அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறகு நண்டைப் பார்த்தாள். ஐம்பது வருஷப் பழக்கம், கை தானாகப் போய்ப் பெரிய கொடுக்கை அடியில் பிடித்தது.

அம்மா ஒடிக்கவில்லை. கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"அந்த சாருதான் ஒம் பேரப் போட மாட்டேன்னாரா?"

"ஆமா."

நண்டை இரண்டு விரலால் மெல்ல நகர்த்தி, தூக்கிய கொடுக்கு அரங்கநாதன் நாற்காலியைப் பார்க்கும்படி திருப்பி வைத்தாள்.

"இப்பிடி இருக்கட்டும்," என்றாள்.