கோடு விழாத காய்ச்சல்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் ஆய்வுக்கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். அங்கே என்னோடு வேலை பார்க்கும் அந்த அம்மாவுக்கும் தெரியும். தெரிந்தும் அதை அவர் ஒருநாளும் காதில் போட்டுக்கொண்டதில்லை. இன்று என் மனைவி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நான் வைத்த ரசத்தில் உப்பில்லை என்று குறை சொல்கிறாள் என்றால், அந்த அம்மா என் பேச்சைக் கேட்காததுதான் அதற்குக் காரணம்.

ஆஸ்பத்திரியின் பின்பக்கம், துணி வெளுக்கும் அறையைத் தாண்டினால் எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடம். நான் அதற்குப் பொறுப்பாளர். அந்த அம்மா அங்கே மைக்ராஸ்கோப்பில் ரத்தம் பார்ப்பவர். எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே வருடம்தான் வேலைக்குச் சேர்ந்தோம். அவருக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் 'நூறு வட்டம்'.

மலேரியா பார்ப்பதற்கு ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் கெட்டியாகத் தடவிக் காயவைத்து, சாயம் ஏற்றி, லென்சுக்கு அடியில் வைப்போம். ஒரு நேரத்தில் ஒரு சின்ன வட்டம்தான் தெரியும். தகட்டை மெல்ல நகர்த்தினால் அடுத்த வட்டம். நூறு வட்டம் பார்த்து முடிக்காமல் 'கிருமி இல்லை' என்று எழுத அந்த அம்மாவின் கை வராது. உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே பார்ப்பார். நடுவில் யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். டாக்டரே வந்து நின்றாலும் இடது கையைத் தூக்கி 'இருங்க' என்று காட்டுவாரே தவிர, கண்ணை எடுக்க மாட்டார்.

பிறகு மலேரியா பார்க்கும் கார்டு வந்தது. விரலில் குத்தி ஒரு சொட்டு விட்டு, மேலே நாலு சொட்டு மருந்துநீர் விட்டால் பதினைந்து நிமிடத்தில் பதில். இரண்டு கோடு விழுந்தால் மலேரியா, ஒரே கோடு என்றால் இல்லை. வாசலில் நிற்கிற கூட்டம் மளமளவென்று குறைந்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. 'கார்டில் இல்லையென்றால் தகடு பார்க்கத் தேவையில்லை' என்று நானே எழுதிச் சுவரில் ஒட்டினேன். அந்த அம்மா அதைப் படித்துவிட்டு, "சரிங்க சார்" என்றார். ஆனால் சந்தேகம் வந்தால் தகடு தடவுவதை நிறுத்தவில்லை. இரண்டு முறை எல்லார் முன்னாலும் கத்தினேன். மூன்றாவது முறை விளக்கம் கேட்டு எழுத்தில் கொடுத்தேன். "உங்க கடமை சார், நீங்க கொடுத்தீங்க" என்று வாங்கி மடித்து வைத்துக்கொண்டார்.

என் மனைவி நிலம் அளக்கும் வேலையில் இருக்கிறாள். மலையடிவாரத்தில் புதுச் சாலை போடுகிற முகாமில் மூன்று வாரம் தங்கிவிட்டு வந்தவள், வந்த நான்காம் நாள் குளிரில் நடுங்கினாள். நான் சும்மா இருப்பேனா? கூடத்திலிருந்து கார்டு கொண்டுவந்து நானே குத்தினேன். ஒரே கோடு. அடுத்த நாளும் குத்தினேன். ஒரே கோடு.

"சாதாரணக் காய்ச்சல்தான். ரெண்டு நாள்ல போயிடும்" என்றேன்.

"எனக்கென்னவோ சாதாரணமா தெரியலைங்க. எலும்பெல்லாம் விட்டுப்போற மாதிரி இருக்கு."

"இந்த வீட்ல யார் ரத்தம் பார்க்கறவன்? நீயா, நானா?"

இந்தக் கேள்வியை நினைத்தால் இப்போதும் எனக்கு என் வாயிலேயே போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

காய்ச்சல் வந்த நான்காம் நாள் காலையில் அவள் என்னைப் பார்த்து, "வண்டி வந்துடுச்சா? சங்கிலியை எடுத்து வைங்க, அளக்கணும்" என்றாள். வீட்டில் வண்டியும் இல்லை, சங்கிலியும் இல்லை. அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். குழாயில் ரத்தம் எடுத்தார்கள். மூன்றாவது கார்டு. அதிலும் ஒரே கோடு.

"மலேரியா இல்லைதானே?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லை சார். மூணு தடவை பார்த்தாச்சு" என்றேன், அவ்வளவு உறுதியாக.

டாக்டர் மூளைக்காய்ச்சலாக இருக்கலாம் என்று அந்த வழியில் யோசிக்கத் தொடங்கினார். நான் கூடத்துக்குப் போனபோது, குழாயில் மிஞ்சியிருந்த ரத்தத்தை அந்த அம்மா தகட்டில் தடவிக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க? என் வீட்டுக்காரிக்கு நான் பார்க்க மாட்டேனா? கார்டுல இல்லைன்னு சொல்றேன்ல!"

"முகாம்ல இருந்து வந்திருக்காங்க சார். நடுக்கம் வருது, பிதற்றுறாங்க. எனக்கு மனசு கேட்கலை."

"உங்க மனசுக்கெல்லாம் இங்க இடமில்லை."

அவர் அவசரப்பட்டுத் தகட்டை ஊதவில்லை. காய்கிறவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கதவை அறைந்துவிட்டு வார்டுக்குப் போனேன்.

ஒரு மணி நேரம் இருக்கும். நாற்காலியை விட்டு எழுந்து தண்ணீர் குடிக்கக்கூடப் போகாத அந்த அம்மா, சாயம் பட்ட ஊதாக் கையோடு வார்டுக்குள் ஓடி வந்தார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே டாக்டரிடம் போனார்.

"மலேரியா சார். மோசமான வகை. வட்டத்துக்கு வட்டம் கிருமி மோதிரம் மாதிரி கிடக்கு. நீங்களே வந்து பாருங்க."

டாக்டர் போய்ப் பார்த்தார். பத்தே நிமிடத்தில் என் மனைவியின் நரம்பில் மலேரியா மருந்து ஏறியது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாயங்காலம் வரை விட்டிருந்தால் சொல்வதற்கில்லை என்று டாக்டர் பிறகு சொன்னார்.

இரண்டு நாள் கழித்து அவள் கண்ணைத் திறந்து, "சட்டையை மாத்துங்க, நாறுது" என்றாள். வெளி வராந்தாவுக்குப் போய்த் தனியாக அழுதேன். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு கூடத்துக்குப் போனேன். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த அம்மாவின் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"என் வீட்ல விளக்கு எரியறது உங்களாலதான். இதை எப்படித் தீர்ப்பேன்னு தெரியலை."

"அதை அப்புறம் பார்க்கலாம் சார்" என்றார். அவர் மேசையில் எங்கள் பதிவேடு திறந்து கிடந்தது. "போன ஒரு மாசத்துல அதே முகாம்ல இருந்து காய்ச்சல்னு பதினோரு பேர் வந்திருக்காங்க. எல்லாருக்கும் ஒரே கோடு. எல்லாரையும் இல்லைன்னு சொல்லி அனுப்பிட்டோம்."

பதினோரு வரிசையிலும் என் கையெழுத்து.

"கார்டு கிருமியைப் பார்க்கிறதில்லை சார்" என்றார். "கிருமி ரத்தத்துல விடற ஒரு புரதத்தைத்தான் தேடுது. சில கிருமிங்கள்ல அந்தப் புரதத்தைச் செய்யற மரபணுவே விட்டுப்போயிருக்கும். அதுங்க பாட்டுக்குப் பெருகும், ஆளைக் கொல்லும். கோடு மட்டும் விழாது."

"உங்களுக்கு யார் சொன்னது?"

"நீங்கதான். போன வருஷம் பயிற்சிக்குப் போய்ட்டு வந்து என்கிட்ட ஒரு புத்தகம் கொடுத்தீங்களே. எனக்குக் கொடுத்துட்டு நீங்க படிக்கலை போல."

கோபம் வரவில்லை. வர வேண்டிய இடத்தில் வெட்கம்தான் வந்தது. என் மனைவியின் ரத்தத்தைக் காகிதத்தில் உலர்த்தி அனுப்பினோம்; அதைப் பெரிய ஆராய்ச்சிக்கூடம் ஒன்று சோதித்து, அவர் சொன்ன அதே மரபணுதான் கிருமியில் இல்லை என்று ஆறு வாரம் கழித்து எழுதியது. நாங்கள் அந்தக் கடிதத்துக்காகக் காத்திருக்கவில்லை. அன்று மதியமே என் மனைவியின் தம்பியை வண்டியோடு வரச் சொன்னேன்.

"எங்க மாமா போகணும்?" என்றான் மச்சான்.

"நான் தப்பு பண்ண இடத்துக்கெல்லாம்" என்றேன்.

"டீசல் பத்தாதே மாமா."

அந்த அம்மா சிரித்தார். மைக்ராஸ்கோப்பைக் கைக்குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அந்தப் பதினோரு பேரில் ஒன்பது பேர் முகாமிலேயே இருந்தார்கள். சாப்பாட்டு மேசையைத் துடைத்து அதிலேயே தகடு பார்த்தோம். நாலு பேருக்குக் கிருமி இருந்தது, மாத்திரை கொடுத்தோம். வேறு வேலைக்குப் போய்விட்ட ஒருவர், அங்கே வேறு டாக்டரிடம் மருந்து சாப்பிட்டுத் தேறிவிட்டதாகப் போனில் சொன்னார். மிச்சம் முகாமின் சமையல்காரர் ஒருவர்தான். உடம்பு முடியாமல் வீட்டுக்கே போய்விட்டாராம்.

அவர் வீடு தகரக் கதவு போட்ட ஒற்றை அறை. சுவரோரம் பாயில் கிடந்தார். வெயில் நேரத்திலும் இரண்டு போர்வை. அவருடைய மகள் எங்களை உள்ளே விடவே யோசித்தாள்.

"வேற டாக்டர்கிட்டப் போலாம்னு பத்து நாளா கெஞ்சறேன்" என்றாள். "அசைய மாட்டேங்கறார். 'மலேரியா இல்லைன்னு ஆஸ்பத்திரியிலயே எழுதிக் கொடுத்துட்டாங்க, சார் பார்த்துட்டுத்தான் சொன்னார்'னு அதையே சொல்லிட்டிருக்கார்."

நான் பாய் ஓரம் உட்கார்ந்தேன். "ஐயா, எழுதிக் கொடுத்த ஆள் நான்தான். தப்பா எழுதிட்டேன். உங்களுக்கு அன்னைக்கே இருந்திருக்கலாம். என்னாலதான் இவ்வளவு நாள் கஷ்டப்பட்டிருக்கீங்க."

மகள் என்னை எரித்துவிடுவதுபோலப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். சமையல்காரர் போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து, மோதிர விரலை நீட்டினார்.

அந்த அம்மா தகடு தடவி, சாயம் ஏற்றி, அடுப்பு மேடையில் மைக்ராஸ்கோப்பை வைத்து உட்கார்ந்தார். பிறகு எழுந்து என்னை உட்காரச் சொன்னார். மூன்றாவது வட்டத்திலேயே கிருமி தெரிந்தது.

முதல் வேளை மாத்திரையை என் கையாலேயே கொடுத்தேன். விழுங்கிவிட்டு, கொதிக்கிற இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்களைத் தேடிக்கிட்டு வீடு வரைக்கும் வந்தீங்களே சார். நல்லா இருப்பீங்க" என்றார்.

மகளுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதைச் சாப்பிட்டாச் சரியாயிடுமா?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் சமையல்காரர் முந்திக்கொண்டார். "சார் வந்துட்டாருல்ல? அவர் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

நான் அந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் நோயாளியின் கண்ணை இழுத்துப் பார்த்தார், நாடி பிடித்துப் பார்த்தார், அவசரப்படாமல் தலையசைத்தார். அதற்குப் பிறகுதான் நான், "ஆயிடும்மா" என்றேன்.