இருபத்தைந்து எம்.எம். கட்டையில் ஒரு ரேகை

திங்கட்கிழமை காலை வெள்ளை மேலங்கியின் கடைசிப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே கண்ணாடி சார் கூப்பிட்டுவிட்டார். எங்கள் அளவு அறைக்கு அவர்தான் தலைவர். மூக்கில் ஒன்று, நெற்றியில் ஒன்று என்று எந்நேரமும் இரண்டு கண்ணாடியோடு திரிவதால் அந்தப் பெயர். மேசைமேல் மரப்பெட்டி திறந்திருந்தது. அதிலிருந்து இடுக்கியால் இருபத்தைந்து எம்.எம். இரும்புக் கட்டையை எடுத்து விளக்கடியில் வைத்தார். பளபளவென்று இருக்க வேண்டிய இரும்பின் நடுவில், பழுப்பு நிறத்தில், அச்சடித்ததுபோல ஒரு கட்டைவிரல் ரேகை.

“என்னம்மா இது?”

“துரு சார்.”

“துருன்னு எனக்கும் தெரியும். யாரோடதுன்னு கேட்டேன்.”

கேட்டாரே தவிர அது கேள்வி இல்லை. பதினோரு வருடமாக அந்த அறையில் துரு என்றால் நான்தான். என் வாய் என்னைக் கேட்காமலே “மன்னிச்சிடுங்க சார்” என்று சொல்லிவிட்டது.

“ஊசி போட்டு எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொன்னே. இந்தப் பெட்டி வெளியில போய் சரிபார்த்து வந்தே ஆறு நாள்தான் ஆகுது. அதுக்குள்ள இப்படி.” கட்டையைத் திரும்பப் பெட்டியில் வைத்தார். அவர் குரலில் கோபம்கூட இல்லை, அலுப்புதான் இருந்தது. “நாளைக்கு ரெண்டு மணிக்கு மேனேஜரைப் பார்க்கப் போறேன். பேக்கிங்ல ஒரு இடம் காலியா இருக்கு. உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. அதுக்கு முன்னாடி ஏதாவது சொல்லணும்னா வந்து சொல்லு.”

எங்கள் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலையில் செய்கிற உதிரிபாகங்களை அளக்கக் கருவிகள் உண்டு. அந்தக் கருவிகளே சரிதானா என்று பார்க்க ஸ்லிப் கேஜ் என்று சின்னச் சின்ன இரும்புக் கட்டைகள் உண்டு. அவற்றைத்தான் நாங்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொள்கிறோம். இரண்டு கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து மெதுவாகத் திருகினால் பசையே இல்லாமல் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிற்றா இல்லையா என்பது விரலுக்குத்தான் தெரியும். கையுறை போட்டால் தெரியாது. அதனால் அந்த ஒரு நிமிடம் வெறுங்கையால் தொடலாம், தொட்டதும் ஸ்பிரிட்டால் துடைத்து எண்ணெய் பூசி வைத்துவிட வேண்டும். துடைக்கையில் ஓர் இடம் விட்டுப்போனால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. வியர்வை நாலு நாள் பொறுத்து, யார் விரலோ அந்த விரலின் படத்தையே துருவாக வரைந்து காட்டும்.

இப்படிப்பட்ட அறையில் என்னைப் போல ஒருத்தி. எனக்கு உள்ளங்கை வியர்ப்பது என்றால் சும்மா ஈரமாவது இல்லை, சொட்டும். பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தாளுக்கு அடியில் இன்னொரு தாள் வைத்து எழுதியவள். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர், மீனைப் பிடித்த மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டு, ஒரு வாரம் அதற்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். அறையில் என் பெயர் ‘குழாய்’. ஆனாலும் என் விரலுக்கு அந்த ஒட்டல் தெரியும். அந்த வேலை எனக்குப் பிடிக்கும். மற்றவர்கள் ஒரு தடவை துடைத்தால் நான் நாலு தடவை துடைத்து பதினோரு வருடத்தை ஓட்டினேன். போன வருடத்திலிருந்துதான் ரேகைகள் அடிக்கடி வர ஆரம்பித்தன. நாலு தடவையை ஆறாக்கினேன். அப்படியும் வந்தன.

ஊசியைப் பற்றி எனக்குச் சொன்னதே அக்காதான். பக்கத்து மேசை அக்கா, அந்த அறையில் இருபத்தாறு வருடம் இருப்பவள். கட்டையை ஒட்டுவதில் அவளுக்கு நிகர் யாரும் இல்லை, தங்கக் கை என்று கண்ணாடி சாரே சொல்வார். எங்கேயோ படித்திருக்கிறாள், உள்ளங்கையில் ஊசி போட்டால் ஆறு மாதத்துக்கு வியர்வை நிற்கும் என்று. என் வீட்டுக்காரருக்கு அன்று விடுப்பு கிடைக்கவில்லை. “நான் வர்றேன் வா” என்று அவளே கூட்டிக்கொண்டு போனாள்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். முதலில் என் கையில் பழுப்பாக அயோடின் பூசி உலரவிட்டு, மேலே மாவு தூவினார். எங்கெல்லாம் வியர்வை ஊறுகிறதோ அங்கெல்லாம் கறுப்பாகும் என்றார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, என் உள்ளங்கை ரேகை தெரியாமல் கருநீலமாகிவிட்டது. “எல்லாருக்கும் அங்கங்க புள்ளி வரும். உங்களுக்கு இடமே மிச்சமில்லை” என்று சிரித்தார். அப்புறம் பேனாவால் கட்டம் கட்டினார். கைக்கு ஐம்பத்திரண்டு புள்ளி. மணிக்கட்டில் மரத்துப்போக ஊசி, மேலே ஐஸ். “எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்” என்றார். மரத்த இடம்வரைக்கும் எறும்புதான். விரல் நுனிக்கு வந்தபோது தேள்.

அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டே நின்றாள். என் வலி மறக்கட்டும் என்றோ என்னவோ டாக்டரைக் கேள்வியாகக் கேட்டுத் துளைத்தாள். இதை எந்த வயதிலும் போடலாமா, புதிதாக ஆரம்பித்த வியர்வைக்கும் கேட்குமா, விரலில் பலம் குறையுமா. பலம் கொஞ்ச நாள் குறையும், திரும்பிவிடும் என்றார் டாக்டர். புதிதாக வந்தால் முதலில் காரணம் பார்க்க வேண்டும், ரத்தம் சோதிக்க வேண்டும் என்றார். அக்கா தலையாட்டினாள்.

பலம் குறையத்தான் செய்தது. இரண்டு வாரம் எனக்கு ஒரு பொத்தானைப் போட முடியவில்லை, வீட்டுக்காரர்தான் போட்டுவிட்டார். ஆனால் பத்தாம் நாள் காலை செய்தித்தாளைப் புரட்டினேன், தாள் என் விரலோடு வரவில்லை. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மாவு பூசின மாதிரி உலர்ந்து கிடந்தது. வீட்டுக்காரர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “யாரோ வேற பொம்பளை கையைப் பிடிச்ச மாதிரி இருக்கு” என்றார்.

“அந்த ஆசை வேற இருக்கா?” என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் நான் அழுதேன். சும்மா, சந்தோஷத்தில்தான்.

அதெல்லாம் ஆகி ஆறு வாரம். இப்போது இந்த ரேகை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் சொன்னேன். விஷயத்தைக் கேட்டதும் வீட்டுக்காரர் என் கையைத்தான் முதலில் தொட்டுப் பார்த்தார். “காஞ்சுதானே கிடக்கு. இந்தக் கையா அதைப் பண்ணிச்சு?” என்றார். அப்போதுதான் எனக்கே உறைத்தது. காலையிலிருந்து நான் ஒரு தடவைகூட அப்படி யோசிக்கவில்லை. கழுவும் தொட்டியில் நாலு தடவை கை கழுவினேனே ஒழிய, என்னுடையதாக இருக்காது என்று நினைக்கவே இல்லை. பதினோரு வருடப் பழக்கம் அப்படி.

மருந்துக் கடையில் அயோடின் வாங்கிக்கொண்டு வந்தார். சமையலறையில் சோள மாவு இருந்தது. டாக்டர் செய்தது போலவே பூசி, உலரவிட்டு, தூவினோம். இரண்டு பேரும் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்து நிமிடம். ஓரத்தில் இரண்டு மூன்று புள்ளி, அவ்வளவுதான். மற்றபடி வெள்ளை.

“இதை அப்படியே உங்க சார் முன்னாடி செஞ்சு காட்டு” என்றார். பிறகு மெதுவாக, “அப்ப அது யாரோடது?” என்றார்.

அந்த வாரம் அந்தப் பெட்டியைத் தொட்டவர்கள் இரண்டே பேர்தான். நானும் அக்காவும். “சேச்சே” என்றேன். சொல்லிவிட்டேனே தவிர டாக்டரிடம் அக்கா கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றாகத் திரும்ப வந்தன.

மறுநாள் அயோடின் பாட்டிலும் மாவு டப்பாவும் என் பையில் இருந்தன. காலையிலேயே அக்காவிடம் சொன்னேன். “ரெண்டு மணிக்கு முன்னாடி சார்கிட்ட இதைப் பூசிக் காட்டப்போறேன் அக்கா. என் கை இல்லைன்னு தெரிஞ்சிடும்.” சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம் என்று இருந்தது. அவள் “ம்” என்றாள். அதற்குப்பின் மதியம்வரை இடுக்கி சத்தம் மட்டும்தான்.

சாப்பாட்டு நேரத்தில் உணவுக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். அங்கே யாரும் வரமாட்டார்கள். அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

“அந்த மருந்தை எடு” என்றாள். “முதல்ல எனக்குப் பூசு.”

வலது கையை நீட்டினாள். கட்டைவிரலின் குறுக்கே ஒரு பழைய வெட்டுத் தழும்பு. எத்தனையோ வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த தழும்புதான். நேற்று விளக்கடியில் அந்தத் துரு ரேகையின் குறுக்கே ஓடிய கோடும் இப்போது ஞாபகம் வந்தது. அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி ‘மன்னிச்சிடுங்க’ சொன்னவள்தான் நான்.

பஞ்சை நனைத்துப் பூசினேன். வாயால் ஊதி உலர்த்தினேன். மாவைத் தூவினேன். முதலில் விரல் நுனிகளில் ஊசிமுனை அளவுக்குப் புள்ளிகள். அப்புறம் அவை ஒன்றோடொன்று சேர்ந்தன. அவளும் நானும் பார்த்துக்கொண்டே இருக்க, கை முழுக்கக் கறுத்துவிட்டது.

“எப்பலேர்ந்து அக்கா?”

“மாசாமாசம் வர்றது நின்னுச்சில்ல, அதுலேர்ந்து. ஒரு வருஷமாச்சு. ராத்திரியெல்லாம் உடம்பே நனையுது. கைன்னா இப்படி.” கையைப் பார்த்தபடியே பேசினாள். “மொத ரேகை வந்தப்போ நீ ஓடி வந்து மன்னிப்புக் கேட்டே. எனக்கு வாய் வரல. ரெண்டாவதுக்கும் நீயே கேட்டே.”

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அது என்னவென்று அந்தப் படியில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. எனக்குக் கோபம் வந்தது. நன்றாகவே வந்தது. ஒரு வருடமாக ஆறாறு தடவை துடைத்திருக்கிறேன். துடைத்துத் துடைத்து ஸ்பிரிட்டில் என் நகக்கண் வெடித்திருக்கிறது. அந்தக் கைக்கு அவளே களிம்பும் தந்திருக்கிறாள்.

“ஆஸ்பத்திரிக்கு எனக்காக வந்தீங்களா, உங்களுக்காக வந்தீங்களா?”

“ரெண்டுக்கும்தான்” என்றாள். “உன் கை காஞ்சிட்டா அடுத்தது என் கைதான் தெரியும். அது தெரிஞ்சுதான்டி உன்னைக் கூட்டிட்டுப் போனேன். வழியில ரெண்டு தடவை திரும்பிடலாமான்னு நினைச்சேன். அதையும் சொல்லிடறேன்” என்றாள்.

அவளுக்கு இன்னும் மூன்று வருடம் வேலை இருக்கிறது. தங்கக் கை என்று பெயரெடுத்தவள் பேக்கிங்கில் அட்டைப்பெட்டி ஒட்டுவதை நினைத்துப் பார்த்தேன். என்னை அங்கே நினைத்துப் பார்க்க எல்லாருக்கும் எவ்வளவு சுலபமாக இருந்தது என்பதையும் நினைத்தேன். இரண்டும் சேர்ந்தே வந்தன. ஒன்று மற்றதை அடக்கவில்லை.

மணி ஒன்று ஐம்பது. உள்ளே மணி அடித்தது.

“கையைக் கழுவிக்கோங்க அக்கா” என்றேன். “சார்கிட்ட என் கையை மட்டும்தான் காட்டப்போறேன். யாரோடதுன்னு அவரே கேட்டுக்கட்டும்.”

“கேட்பாரு. நீ பேசாம நிப்ப. அப்புறம் அதுவும் உன் கணக்குல சேரும்.” அவள் எழுந்தாள். “நீ போதும் போதுங்கிற அளவுக்குச் சுமந்தாச்சு.”

குழாய்ப் பக்கம் போகவில்லை. வெள்ளை மேலங்கியில் கறை படாமல் வலது கையை உடம்பைவிட்டுத் தள்ளி, பூச்சு காயாத பொருளைத் தூக்கிப்போவது போல, நடையில் எனக்கு முன்னால் போனாள். நான் என் டப்பாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டு பின்னாலேயே போவதற்குள் அவள் கண்ணாடி சார் அறைக்குள் போய்விட்டாள். உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. சார் ஏதோ கேட்டார். அவள் பதில் எனக்குக் கேட்கவில்லை.

கதவின் இரும்புக் கைப்பிடியில், உள்ளங்கையும் ஐந்து விரலும், கருநீலமாக, ஈரமாகப் பதிந்திருந்தன. அதைப் பார்த்ததும், பழக்க தோஷம், என் கை தானாகக் கைக்குட்டையை எடுத்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றேன்.