விளிம்பு வரை ஊற்றிய தேநீர்

சய்காலின் காதில் தோடு ஏறிவிட்டால் சம்பந்தம் முடிந்த மாதிரி. அந்தத் தோடு மாப்பிள்ளையின் அம்மா புருல்கானின் கைப்பைக்குள் இருந்தது. புருல்கானோ தன் தம்பியோடு வந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஆற அமர உட்கார்ந்திருந்தாள். சய்கால் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அந்தப் பையன் மேல் அவளுக்கு அவ்வளவு பைத்தியம்.

தேநீர் கொதிக்கும் சமோவார் பக்கத்தில் அக்கா பெர்மெத். ஏழு வயதில் மாஸ்கோவுக்கு, சித்தி வீட்டில் தங்கிப் படிக்கப் போனவள், இருபத்துநாலு வயதில், போன மாதம்தான் சொந்த ஊரான நரினுக்குத் திரும்பியிருந்தாள். இனி எங்கேயும் போவதில்லை என்று ஒரே பிடிவாதம்.

"நான்தான் ஊத்துவேன். இது என் வீடு" என்று தங்கையைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். சம்பந்தி அம்மாவாயிற்றே என்று கிண்ணம் தளும்பத் தளும்ப ஊற்றி, இரண்டு கையாலும் நீட்டினாள்.

போச்சு! நரினில் கால் கிண்ணம் ஊற்றினால்தான் இன்னும் இருங்கள் என்று பொருள். நிறைய ஊற்றினால், குடித்துவிட்டு நடையைக் கட்டுங்கள் என்று பொருள். இது அங்கே கைக்குழந்தைக்கும் தெரியும், பெர்மெத்துக்குத் தெரியாது.

புருல்கான் முகம் சுண்டிப்போனது. "கிளம்புடா தம்பி. வாசலைக் காட்டிட்டாங்க" என்று எழுந்தாள்.

"பாவி, கெடுத்தியே!" சய்கால் தலையில் அடித்துக்கொண்டாள்.

கிண்ணத்தைக் காட்டித் தங்கை விஷயத்தைச் சொன்னதும் பெர்மெத் எழுந்து பின்னாலேயே ஓடினாள். "ஐயோ, இருங்கம்மா! எங்க ஊர்ல இப்படித்தான் ஊத்துவோம்!"

"எங்க ஊரா?" என்றார் அப்பா ஜுமாகுல். "அப்ப இது யாரு ஊருடி?"

பெர்மெத்தின் வாயிலிருந்து தானாக வந்த வார்த்தை அது. கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்ததும் ஜுமாகுலின் கோபம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"அவளைத் தப்பா நினைக்காதீங்க சம்பந்தி. ஏழு வயசுல அனுப்பி வச்சவன் நான். அங்க படிப்போட சேர்த்து இதையும்தான் கத்துக்கிட்டா."

வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த புருல்கான் நின்றாள். "ஏம்மா, அங்க நிறைய ஊத்தினா என்ன அர்த்தம்?"

"ஒண்ணுமில்லம்மா. பாதி ஊத்தினா கஞ்சம்பாங்க. வேண்டியவங்களுக்கு நிறைய ஊத்துவோம், அவ்வளவுதான்."

புருல்கான் அப்படியே கதவோரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய மூத்தவன் மெலிஸும் மாஸ்கோவில்தான். பத்து வயதில் பள்ளி விடுதியில் விட்ட பிள்ளை அங்கேயே வேலையும் வீடுமாகிவிட்டான். மூன்று வருஷத்துக்கு முன் அவனைப் பார்க்கப் போனவள், போன மறுநாளே திரும்பி வந்தாள். காரணம் யாருக்கும் சொன்னதில்லை. அதன் பிறகு அவனோடு பேசியதும் இல்லை.

"வீட்டுக்குள்ள கால் வச்சதுமே ஒரு பெரிய குவளை நிறைய ஊத்திக் குடுத்தான்" என்றாள். "பெத்த பிள்ளையே போன்னு சொல்றானேன்னு, ராத்திரியெல்லாம் அழுதுட்டுக் காலையில வண்டியேறிட்டேன். அவன் என்னைப் போகச் சொல்லலையா?"

"இல்லவே இல்லம்மா" என்றாள் பெர்மெத்.

புருல்கான் கைப்பையைத் திறந்து சய்காலைக் கூப்பிட்டாள். தோட்டைத் தன் கையாலேயே மாட்டிவிட்டாள். மாட்டி முடித்த கையோடு தம்பியின் போனைப் பிடுங்கினாள்.

"டேய் மெலிஸு, அம்மாடா! அடுத்த வாரம் வர்றேன். மறுநாளே கிளம்ப மாட்டேன், பயப்படாதே."