வயர் இல்லாத கீபோர்டு

உட்கார்ந்த இடத்தில் கால் ஆட்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். எனக்கு இனிமேல் ஆகாமல் போக என்ன மிச்சம் இருக்கிறது? அந்த விஜயதசமி அன்று காலையில் பூவத்தில் பஸ் ஏறியதிலிருந்து என் கால் ஆடிக்கொண்டே இருந்தது. காரைக்காலில் இறங்கி, பென்ஷன்காரர் சங்கத்து ஹாலுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்த பிறகும் நிற்கவில்லை.

"ஆட்டாதடி அல்லி, நல்ல நாளும் அதுவுமா" என்றாள் குஞ்சம்மா அத்தை. அவள் என் மாமியாருக்குத் தங்கை. சங்கத்து ஹாலைத் திறந்து, பெருக்கி, பூட்டுவதெல்லாம் அவள் பொறுப்பு. நான் காலைச் சம்மணம் போட்டுக்கொண்டேன். உடனே கைவிரல்கள் முழங்காலின் மேல் தாளம் போட ஆரம்பித்தன.

விரலுக்குக் காரணம் இருந்தது. மேடை மேல் ஒரு பிரெஞ்சு டி.வி., அதற்குக் கீழே கறுப்பாக ஒரு பெட்டி. அதுதான் கம்ப்யூட்டர். காரைக்காலில் அதுவரை நாங்கள் யாரும் கண்ணால் பார்த்திராத பொருள். அதைவிடப் பெரிய அதிசயம் அதன் கீபோர்டு. பெட்டிக்கும் அதற்கும் நடுவே ஒரு வயர் கிடையாது. தள்ளி உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டு தட்டினால் எழுத்து டி.வி.யில் வந்து விழும்.

கொண்டுவந்தவர் கஸ்தோன். ஊர்க்காரர்தான், பாரீஸ் பக்கம் தபால் இலாகாவில் வேலை. அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்தவர். ஒரு விண்ணப்பம் பிரெஞ்சில் அடிக்க வேண்டுமென்றால் அந்தக் கிழவர் பாண்டிச்சேரிக்கு பஸ் ஏற வேண்டியிருந்தது. அந்தக் கோபம் மகனுக்கு இன்னும் ஆறவில்லை. சங்கம் வாசல் அறையைக் கொடுத்தால் மிஷினை இங்கேயே விட்டுவிட்டுப் போகிறேன், சங்கத்துக் காகிதமெல்லாம் இனி இங்கேயே அடிக்கலாம் என்றார். அடிப்பதற்கு ஆள் வேண்டுமே? பிரெஞ்சு மிஷினில் எழுத்துகள் இடம் மாறி இருக்கும். இங்கிலீஷ் டைப்பிங் படித்த பெண்கள் தடுமாறிப்போவார்கள். பத்திரம் பதிகிற நொத்தேர் ஆபீசில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே பிரெஞ்சு டைப்ரைட்டரில் பத்திரம் அடித்துக்கொண்டிருந்தவள் நான். வெளியாள் விண்ணப்பம் எதையும் அங்கே அடிக்க விடமாட்டார்கள்.

அந்த நொத்தேருக்கு வயதாகிவிட்டது. பொங்கலோடு ஆபீசை மூடுகிறார். மூடினால் எனக்குப் பூவத்தில் மாமியார் வீட்டு அடுப்படிதான்.

ஆனால் அடுப்படிக்குப் பயந்து மட்டும் இந்த வேலையை நான் கேட்கவில்லை. பத்திரத்தில் ஓர் எழுத்து தப்பானாலும் ரப்பர் போடக்கூடாது. தாளைக் கிழித்துப்போட்டு முதலிலிருந்து அடிக்க வேண்டும். கஸ்தோன் வீட்டில் முதல் நாள் பழகியபோது ஓர் எழுத்தைத் தப்பாக அடித்துவிட்டு, பழக்க தோஷத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் சிரித்துக்கொண்டே ஒரு பொத்தானைக் காட்டினார். தொட்டேன். தப்பான எழுத்து சுவடில்லாமல் போய்விட்டது. அன்றிலிருந்து அந்த மிஷின் எனக்கு வேண்டும் என்றிருந்தது. சின்ன வயதில்கூட எதையும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை.

அன்றைக்கே அவர் இன்னொன்றும் சொல்லிவைத்தார். பெட்டியின் முகப்பில் கட்டைவிரல் அகலத்துக்குக் கருஞ்சிவப்பாக ஒரு கண்ணாடி. "இதுதாங்க இதோட கண்ணு. கீபோர்டுலேருந்து நம்ம கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் வரும். அதை இதுதான் பாக்கும். குறுக்க யாரும் நிக்கக் கூடாது, வெயில் நேரா அடிக்கக் கூடாது."

விஜயதசமிக்கு முதல் நாள் சரஸ்வதி பூஜை. லாரிக்கும் சைக்கிளுக்கும் பொட்டு வைக்கிற ஊரில் கம்ப்யூட்டருக்கு மட்டும் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? கஸ்தோன் ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். இருந்தும் மறுப்புச் சொல்லவில்லை. பூஜை நடந்தபோது அவர் ஹாலில் இல்லை. புது பேட்டரி வாங்கப் பாண்டிச்சேரிக்குப் போயிருந்தார். குஞ்சம்மா அத்தைதான் சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத் தட்டையும் எடுத்துக்கொண்டு மேடை ஏறினாள். நானும் பின்னால் ஏறப் போனேன். அவள் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "நீ வாசப்பக்கம் நின்னுக்கம்மா" என்றாள்.

நின்றுகொண்டேன். வீட்டுக்காரர் மஞ்சள் காமாலையில் போனதிலிருந்து எனக்கு எங்கே நிற்க வேண்டும் என்று யாராவது சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள். வாசற்படியிலிருந்து பார்த்தால் அத்தையின் முதுகுதான் தெரிந்தது.

விடிந்தால் விஜயதசமி. தொடங்கியது துலங்கும் என்று அன்றைக்கே வெள்ளோட்டம், அறையைக் கொடுப்பதா என்று அன்றைக்கே முடிவு. பென்ஷன்காரர்கள் வெள்ளைச் சட்டையும் மெடலுமாக வந்து நாற்காலிகளை நிரப்பினார்கள். சங்கத் தலைவர் ரெனே ஐயா முன்வரிசையில் தடியை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தார். அல்ஜீரியாவில் சண்டை போட்டவர். பொறுமை என்பது அவர் அகராதியில் இல்லை.

கஸ்தோன் சுவிட்சைப் போட்டார். டி.வி. நீலமாக விழித்தது. டி.வி. மேல் செவ்வந்திச் சரம், அதன் நெற்றியில் பொட்டு, பெட்டியில் பொட்டு, பிளக்கில் பொட்டு, கீபோர்டின் நாலு மூலையிலும் பொட்டு. நான் எதிரே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து மடியில் கீபோர்டை வைத்துக்கொண்டேன்.

"மொதல்ல என் பேரை அடிம்மா, பாப்போம்" என்றார் ரெனே ஐயா.

அடித்தேன். நீலம் நீலமாகவே இருந்தது. இன்னொரு தரம் அடித்தேன். ஓர் எழுத்துகூட வரவில்லை. பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.

"பேட்டரியா இருக்கும்" என்று கஸ்தோன் பாய்ந்து வந்து, கீபோர்டைக் கவிழ்த்து, புது பேட்டரியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். ஒன்றுமில்லை. கிழக்கு ஜன்னலைச் சாத்தச் சொன்னார். சாத்தினார்கள். ட்யூப் லைட் வெளிச்சம் சில சமயம் குழப்பும் என்று அதையும் அணைத்தார். இருட்டில் மெடல்கள் மட்டும் மினுங்கின. என் நாற்காலியை முன்னால் இழுத்தார், பின்னால் தள்ளினார். பிரான்சிலிருந்து வந்த கையேட்டைப் புரட்டினார். அதில் சொன்னதெல்லாம் செய்தாகிவிட்டது. எனக்கோ கால் மறுபடி ஆட ஆரம்பித்தது. கீபோர்டு மடியிலேயே தடதடத்தது.

"வூட்ல நல்லாத்தானே ஓடுச்சு? உப்புக் காத்தா இருக்குமோ?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்ட கஸ்தோன், சட்டென்று என் பக்கம் திரும்பினார். வேர்த்துக் கொட்டியது அவருக்கு. "மெதுவாத் தொட்டாப் போதும்னு சொன்னேன்லங்க? டைப்ரைட்டர்ல குத்துற மாதிரி குத்துறீங்க. உள்ள என்னமோ ஒடைஞ்சிருக்கும்."

அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். எனக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது.

ரெனே ஐயா தடியைத் தட்டினார். "ஒடைச்சாச்சுன்னா பேசி என்ன? கஸ்தோனு, நீ பாண்டிச்சேரிக்கே எடுத்துக்கிட்டுப் போ. அங்க பழகுன பொண்ணுங்க இருப்பாங்க. வாசல் அறையை நாங்க வேற எதுக்காவது வெச்சுக்கறோம்."

நாற்காலிகள் நகர்ந்தன. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். தப்பை அழிக்கிற அந்தப் பொத்தான், வாசல் அறை, காலையில் பஸ், எல்லாமே. என்னால் உட்கார முடியவில்லை. கீபோர்டை நாற்காலியில் வைத்துவிட்டு நேரே மேடைக்கு நடந்தேன். "ஏய், எங்க போற?" என்று அத்தை கேட்டது காதில் விழுந்தது. முதல் நாள் ஏறக்கூடாது என்ற மேடையில் ஏறி, பெட்டிக்கு முன்னால் மண்டி போட்டேன்.

முகம் பார்க்கிற தூரத்தில் பார்த்தபோதுதான் தெரிந்தது. பெட்டியில் இருந்தது சின்னப் பொட்டு இல்லை. உள்ளங்கையில் அள்ளி அப்பினாற்போலச் சந்தனம், காய்ந்து கெட்டியாகி, அதன் மேல் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குக் குங்குமம். சிவப்புக் கண்ணாடியைத் தேடினேன். காணவில்லை. பொட்டுக்கு அடியில் இருந்தது.

நானும் காலையிலிருந்து அந்தப் பொட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், கஸ்தோனும்தான். பூஜை முடிந்த மிஷினில் பொட்டு இருப்பது எங்கள் இரண்டு பேருக்கும் உறுத்தவே இல்லை. கையேடு எழுதிய பிரெஞ்சுக்காரனுக்கும் இப்படி ஒன்று தோன்றியிருக்காது.

"அத்தை, இங்க ஏன் இவ்வளவு பெருசா வெச்சீங்க?"

"பெட்டிக்கு அதுதானேடி நெத்தி? பாத்தா அப்படித்தான் இருந்துச்சு. அம்சமா இருக்கட்டும்னு வெச்சேன்."

கஸ்தோன் ஓடி வந்து குனிந்து பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார். "தொடைங்க, தொடைங்க, மொதல்ல அதைத் தொடைங்க!"

அத்தை இரண்டு அடி பின்னால் போனாள். "விஜயதசமியும் அதுவுமா வெச்ச பொட்டை அழிக்கறதா? என் கை வராதுப்பா. எந்தச் சுமங்கலியும் செய்ய மாட்டா."

கஸ்தோனின் கையும் பாதி வழியில் நின்றுவிட்டது.

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. "பயப்படாதீங்க அத்தை. என் நெத்தியில அழிக்கறப்ப ஒருத்தர் கையும் நடுங்கலையே. இது வெறும் பெட்டி" என்றேன்.



முந்தானையைத் தண்ணீரில் நனைத்து, அழுத்தாமல் துடைத்தேன். சந்தனம் கரைந்து ஓடியது. ஓரத்தில் ஒட்டியிருந்ததை நகத்தால் எடுத்தேன். கருஞ்சிவப்புக் கண்ணாடி பளிச்சென்று வந்தது. கஸ்தோன் கீபோர்டை எடுத்து, நின்றபடியே ஒரு விரலால் தட்டினார். டி.வி.யில் ஒரு எழுத்து விழுந்தது. பின்னாலிருந்து யாரோ கை தட்ட, பிறகு எல்லாரும் தட்டினார்கள்.

"மன்னிச்சுக்குங்க. வாய் தவறி ஒங்களச் சொல்லிட்டேன்" என்றார் கஸ்தோன்.

"வாய் தவறலை. எல்லாருக்கும் கேக்கற மாதிரித்தான் சொன்னீங்க. இப்பவும் அதே மாதிரி சொல்லுங்க" என்றேன்.

அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, தமிழில் ஒரு தரமும் பிரெஞ்சில் ஒரு தரமும் சொன்னார்: மிஷின் உடையவில்லை, அல்லி அம்மா மேல் தப்பில்லை, கண்டுபிடித்ததும் அவர்தான். ரெனே ஐயா தடியை நாற்காலியில் சாய்த்துவிட்டு, "வாசல் அறைக்கு நாளைக்கே வெள்ளை அடிச்சுரலாம்" என்றார்.

எல்லாரும் மறுபடி உட்கார்ந்தார்கள். அத்தை மட்டும் நின்றுகொண்டிருந்தாள். அவள் கண் பெட்டியை விட்டு நகரவில்லை. "பொட்டில்லாம மூளியா இருக்கேடி" என்றாள், யாரிடமோ சொல்வதுபோல. "தொடங்கற நாள்ல அப்படி விடக்கூடாதே."

"வெச்சாப் போச்சு. ஆனா இந்தத் தடவை நான்தான் வைப்பேன் அத்தை. எங்க வைக்கணும்னு எனக்குத்தான் தெரியும்."

அத்தை குங்குமத் தட்டைப் பார்த்தாள், என் நெற்றியைப் பார்த்தாள், ரெனே ஐயாவைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் மேடை ஓரமாக வந்து தட்டை நீட்டினாள். நான் விரலில் தொட்டு எடுத்துக்கொண்டேன்.

பெட்டியின் மேல்பக்கம், கண்ணாடிக்கு எட்டாத மூலையில், சின்னதாக ஒரு பொட்டு வைத்தேன். நாற்காலிக்குத் திரும்பி வந்து கீபோர்டை மடியில் எடுத்துக்கொண்டேன்.

"ம், என் பேரு" என்றார் ரெனே ஐயா.

"ஒங்க பேரு ரெண்டாவதுங்க ஐயா."

விரலில் குங்குமம் மிச்சமிருந்தது. அதைத் துடைக்காமலே என் பெயரை அடித்தேன்.