வெந்நீர்ப் பாத்தி

எங்கள் நாட்டில் ராஜா சாப்பிடுவதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு மணியம், பன்னிரண்டு மணியக்காரர். ஒவ்வொரு மணியமும் வருஷத்தில் ஒரு மாதம் அரண்மனைக்குச் சாப்பாடு போட வேண்டும். ராஜா, அவர் மனைவிமார், எழுத்தர்கள், ஈட்டிக்காரர்கள், குதிரைகள், அத்தனை வயிறும் அந்த மாதம் அந்த மணியத்தின் பொறுப்பு. யோர்தான் ஆற்றுக்குக் கிழக்கே கீலேயாத் மலைச்சரிவில் இருக்கும் எங்களுக்கு வாய்த்தது பன்னிரண்டாம் மாதம். பழைய தானியம் குழியின் அடிக்குப் போயிருக்கும். புதுக் கதிரில் பால்கூடப் பிடித்திருக்காது. இதைப் பங்கு போட்டவன் எங்கள் பக்கம் ஒருமுறைகூட வந்ததில்லை என்றுதான் நினைக்கிறேன்.

நான் யாயீர். மணியக்காரரின் களஞ்சியத்தில் காவல். எழுத்து கற்கப் போய்ப் பாதியில் ஓடிவந்தவன். காலியான இடத்தைக் காப்பதற்கு எழுத்து தேவைப்படவில்லை.

அந்த வருஷம் மழை நிற்கவே இல்லை. மாதம் முடியப் போகும் நேரத்தில் ஒரு நாள் காலை மணியக்காரர் எலியாத்தா தனியாகக் களஞ்சியத்துக்கு வந்தார். ஒரு காலத்தில் கதவில் பக்கவாட்டில் நுழைந்த மனுஷன். இப்போது அங்கி தோளில் நிற்காமல் வழுக்கியது. தானியக் குழிக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்னடா யாயீர், எலியாவது இருக்கா?"

"போன வாரமே கிளம்பிருச்சுங்க ஐயா. நம்மளவிட அதுங்களுக்கு விவரம் ஜாஸ்தி."

அவர் சிரிக்கவில்லை. கவிழ்த்து வைத்திருந்த கூடையின்மேல் உட்கார்ந்தார்.

"கதிர் எப்படி இருக்கு?"

"பச்சை. நசுக்கினா தண்ணிதான் வருது."

கதிர் பச்சை என்றால் என்ன நடக்கும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். பன்னிரண்டாம் மாதம் முடியும்போது வாற்கோதுமைக் கதிர் சட்டியில் போட்டு வறுக்கிற பக்குவத்துக்கு வந்திருக்க வேண்டும். வந்திருந்தால் அடுத்த பிறை ஆபீப் மாதம், புது வருஷம், முதல் மாதத்துக்காரரின் முறை. எங்காவது ஒரு மணியத்தில் வயல்கள் பழுத்திருந்தாலும் போதும். எங்குமே பழுக்கவில்லை என்றால் அதே பன்னிரண்டாம் மாதத்தை இன்னொரு தடவை வைத்துவிடுவார்கள். பதின்மூன்றாவது மாதத்துக்கென்று மணியக்காரர் யாரையும் நியமிக்கவில்லை. அது எங்கள் தலையில்தான் விழும். முதல் கதிர்க்கட்டைக் கர்த்தருக்குப் படைக்கும்வரை புதுத் தானியத்தை யாரும் வாயில் வைக்கக் கூடாது. அதுவும் ஒரு மாதம் தள்ளிப் போகும்.

"இன்னொரு மாசம்னு சொல்லிட்டா எதை அனுப்புவீங்க ஐயா?"

"கொழுத்த மாடு தீர்ந்து போச்சு. ஆடெல்லாம் சினை." எழுந்து அங்கியை இழுத்துவிட்டுக்கொண்டார். "உழவு மாடு இருக்குல்ல."

என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். நான் இருப்பது என் அக்கா ஒக்லாள் வீட்டில். அந்த வீட்டில் ஒரே ஒரு எருது உண்டு.

அக்காவின் புருஷனை கூலியில்லாத அமஞ்சி வேலைக்கு லீபனோனுக்குக் கொண்டுபோனார்கள், கேதுரு மரம் வெட்ட. மரம் கீழே வந்தது, அவர் வரவில்லை. பிள்ளை கிடையாது. அவர் தம்பி ஆரீம் ஊர்வாசலில் பெரியவர்கள் முன்னால் நின்று கறாராகப் பேசிவிட்டான்: அண்ணி உழுது விதைக்கிறவரை நிலம் அண்ணியிடம் இருக்கட்டும், ஒரு வருஷம் தரிசாகக் கிடந்தால் எனக்கு. பெரியவர்களும் தலையாட்டினார்கள். அன்றிலிருந்து அக்கா தன் சிவப்பு எருதைப் பக்கத்து வீட்டு எருதோடு ஜோடி சேர்த்து உழுதுகொண்டிருந்தாள். எருது போனால் நிலம் போகும், நிலம் போனால் வீடு போகும். இதை யாரும் அவளுக்கு விளக்க வேண்டியதில்லை.

நான் சொன்னதைக் கேட்டபடி பருப்புக் கூழைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"என் எருதைப் புடுங்குவாராமா? அவரே வந்து நுகத்துல நிக்கட்டும். தொப்பை வத்துனாலும் கழுத்து இன்னும் கெட்டியாத்தான் இருக்கு."

"நீ பேசிக்கிட்டே இரு. ஈட்டிக்காரன் வந்தா தெரியும்."

"பழுத்த கதிர் வேணும், அவ்வளவுதானே?" அகப்பையை வைத்தாள். "என்கிட்ட இருக்கு."

அவள் எதைச் சொல்கிறாள் என்று உடனே புரிந்தது. ஆற்றுப் பாதைக்கு மேலே பாறையிலிருந்து வெந்நீர் ஊற்று ஒன்று ஓடிவருகிறது. அந்த ஓடையை ஒட்டி அக்காவுக்கு ஒரு சின்னப் பாத்தி. மண் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். விதைத்தது முந்திக்கொண்டு பழுக்கும், ஆனால் மணி ஊசி மாதிரி இருக்கும், உமிதான் அதிகம். 'ஒக்லாளோட அடுப்படி விவசாயம்' என்று ஊர் கேலி பேசும்.

மறுநாள் காலை ஒரு பிடிக் கதிரை முந்தானையில் மறைத்துக்கொண்டு மணியக்காரர் வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். எலியாத்தா கதிரை உள்ளங்கையில் தேய்த்தார், ஊதினார், ஒரு மணியைக் கடித்தார். அவர் முகத்தில் ரத்தம் ஏறுவதைப் பார்த்தேன்.

"எவ்வளவு இருக்கு?"

"ஒரு கட்டு வரும். ஆனா என் எருதைத் தொடமாட்டேன்னு ஆணை போடுங்க. அப்புறந்தான் அறுக்க விடுவேன்."

"மணியக்காரன்கிட்டயே பேரமா?"

"நீங்க ராஜாகிட்டயே பேரம் பேசப் போறீங்க. நான் உங்ககிட்ட பேசக் கூடாதா?"

"கர்த்தர் மேல ஆணையா தொடமாட்டேன். போதுமா?"

"போதும்."

மாதக் கடைசியில் அரண்மனையிலிருந்து பெதாயா என்பவர் கதிர் பார்க்க வந்தார். கோவேறு கழுதை வயிறுவரை சேறு. யோர்தான் கரை மீறி ஓடிக்கொண்டிருந்தது. கடந்து வந்ததிலேயே மனுஷன் பாதி செத்திருந்தார். எலியாத்தா அவரை ஊருக்குள் கூட்டிவரவில்லை. ஓடைப் பக்கமே கூடாரம் போட்டு, ஒளித்து வைத்திருந்த கடைசி ஆட்டை அடித்து, வெந்நீரில் காலை வைக்கச் சொன்னார். பெதாயா கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்பா! எருசலேமிலகூட இந்தச் சுகம் கிடையாதுய்யா."

அக்கா கதிரை அவர் எதிரிலேயே அறுத்துச் சட்டியில் வறுத்தாள். படபடவென்று பொரிந்தது. அவர் வாயில் போட்டு மென்று, நாக்கால் துழாவிப் பார்த்துவிட்டு, முதல் கட்டு இன்னும் படைக்காததால் மரியாதையாகத் துப்பினார்.

"நல்லாவே பக்குவமாயிருக்கு. ஆனா யூதாவுல எல்லாம் இன்னும் புல்லா நிக்குதே. ஒரு பாத்தியை வச்சு வருஷம் ஆரம்பிக்க முடியாது. மேல வயல் எல்லாம் எப்படி?"

"மேலயும் இதே கதிர்தான் ஐயா," என்றார் எலியாத்தா. "சரிவு முழுக்க. எங்க மண்ணு அப்படி. ஏறிப் பாக்கலாம், ஆனா இந்தச் சேத்துல கழுதை நிக்காது."

பெதாயா மேலே பார்த்தார். மேகம் மலையைப் பாதி மூடியிருந்தது. தண்ணீருக்குள் இருந்த தன் காலைப் பார்த்தார்.

"உங்க வார்த்தை போதும்," என்றார்.

பிறை தெரிந்த அன்று மலைக்கு மலை தீ வைத்தார்கள். கொம்பு ஊதும் சத்தம் ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து வந்து எங்களைத் தாண்டிப் போயிற்று. ஆபீப் பிறந்துவிட்டது. எங்கள் மாதம் முடிந்தது. ஊரில் ஒருவனுக்கும் வயிறு நிறையச் சாப்பிட எதுவும் இல்லை, ஆனாலும் சிரித்தார்கள். அக்காவை இனி யாரும் கேலி பேசக் கூடாது என்று பக்கத்து வீட்டுக்காரி கத்தினாள். அக்கா எருதை வெந்நீர் ஓடைக்கு ஓட்டிக்கொண்டுபோய்த் தேய்த்துக் குளிப்பாட்டினாள். அவள் முணுமுணுவென்று பாடியதை நான் அன்றுதான் கேட்டேன். புருஷன் போனபின் அதுதான் முதல் தடவை.

சில நாள் கழித்து பெதாயா திரும்பி வந்தார். இந்தத் தடவை ஈட்டிக்காரர்களோடு. ஊர்வாசலில் எல்லோரையும் கூட்டினார்கள். பெதாயாவின் முகத்தில் கோபம் இல்லை. நல்ல செய்தி கொண்டுவந்தவர் மாதிரிதான் நின்றார்.

"உங்க மணியத்துக்குப் பெரிய கௌரவம்," என்று ஆரம்பித்தார். "முதல் மாசத்து மணியக்காரர் அரண்மனைக்குச் சம்பந்தி. தெரியுமில்ல? அவர் வந்து சொன்னார், என் வயல்ல இன்னும் புல்லுதான், நீங்க வருஷத்தை ஆரம்பிச்சிட்டீங்க, நான் எங்கே போவேன்னு. நியாயந்தானே. அரண்மனைல யோசிச்சாங்க. முதல்ல பழுக்கிற மண்ணு முதல் மாசம் போடட்டும்னு முடிவு. இனிமே ஆபீப் உங்களுடையது."

யாரோ ஒருவர் கேட்டார். "அப்போ முடிஞ்ச மாசம்?"

"அது போன வருஷத்துக் கணக்கு."

மழை லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. எல்லோரும் எலியாத்தாவைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தார்.

பெண்கள் நின்ற பக்கமிருந்து அக்கா முன்னால் வந்தாள். "ஐயா, சொல்லுங்க. ஒரே பாத்திதான்னு சொல்லுங்க. மேல எல்லாம் பச்சைன்னு சொல்லுங்க."

பெதாயா திரும்பினார். "என்ன, ஒரே பாத்தியா?"

ராஜாவின் வருஷத்தைப் பொய் சொல்லி ஆரம்பித்து வைத்தவனின் தலை எங்கே கிடக்கும் என்று எலியாத்தாவுக்குத் தெரியும்.

"விதவைப் பொம்பளை," என்றார். "பசியில ஏதோ பேசுறா."

"மேல ஏறிப் பாருங்க ஐயா," என்று நான் சொன்னேன். "இங்கிருந்து ஒரு கூப்பிடு தூரம்தான். ஒரு கதிரை நசுக்கிப் பாருங்க."

ஈட்டிக்காம்பு தோளில் விழுந்தது. நான் முழங்காலில் உட்கார்ந்தேன். பெதாயா என்னைப் பார்க்கவில்லை, மலையையும் பார்க்கவில்லை. முதல் தடவை மேலே ஏறாத கால் அவருடையது. இப்போது ஏறினால் அந்தக் காலுக்கும் பதில் சொல்ல வேண்டிவரும். "மாடுகளைக் கொண்டுவாங்க," என்றார்.

வீடு வீடாக அவிழ்த்தார்கள். எங்கள் தொழுவத்துக்கு எலியாத்தா தானே வந்தார். வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"யாயீர், அவுத்து விடுடா."

"மாட்டேன்."

"உன் வேலை போயிரும்."

"எதைக் காக்குற வேலைங்க ஐயா?"

அவர் ஈட்டிக்காரனுக்குத் தலையசைத்தார். அக்கா சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை.

"பாருடா தம்பி, ஆணைக்கு எவ்வளவு பயந்த மனுஷன்! தானே தொடமாட்டாரு. ஆள் வச்சுத் தொடுவாரு."

"ஒக்லாள், எனக்கு வேற வழி இல்லம்மா."

"இருந்துச்சு. ஊர்வாசல்ல, மழையில, எல்லார் முன்னாலயும் இருந்துச்சு."

ஈட்டிக்காரன் கயிற்றை இழுத்தான். எருது நகரவில்லை. புது ஆள் கைக்கு அது வராது. அவன் ஈட்டிக்காம்பால் முதுகெலும்பில் ஓங்கி அடித்தான். எருது காலை அகட்டி நின்றது. மறுபடி ஓங்கினான். அக்கா போய் அவன் கையிலிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டாள்.

"அடிக்காத. நானே கொண்டுவரேன்."

நாக்கை ஒருமுறை தட்டினாள். எருது அவள் பின்னால் நடந்தது.

ஆற்றுப் பாதையில், வெந்நீர் ஓடைப் பக்கம்தான் மாடுகளை ஒன்றுசேர்த்துக்கொண்டிருந்தார்கள். ஈட்டிக்காரர்கள் குளிருக்குத் தீ மூட்டியிருந்தார்கள். எல்லாம் உழுத மாடு, எலும்பும் நரம்பும். "இதை ராஜாவா தின்னுவார்?" என்று ஒருவன் கேட்டான். "குதிரைக்காரங்க தின்னுவாங்க," என்றான் இன்னொருவன். அக்கா எருதின் நெற்றியில் ஒட்டியிருந்த வைக்கோலை எடுத்துவிட்டுக் கயிற்றைக் கொடுத்தாள். அழவில்லை. மேலே சரிவில் அவள் வயல் ஓரமாக ஆரீம் நடந்துகொண்டிருந்தான். எல்லைக் கல்லைக் காலால் தள்ளிப் பார்த்துவிட்டு அடுத்த கல்லுக்குப் போனான்.

அக்காவும் அதைப் பார்த்தாள். பிறகு திரும்பித் தன் பாத்திக்குள் இறங்கினாள். பெதாயாவுக்கு வறுத்துக் காட்ட அறுத்தது போக மிச்சம் அங்கே நின்றிருந்தது. இரண்டு கையாலும் கதிரைப் பிடுங்கினாள். ஈட்டிக்காரர்களை விலக்கிக்கொண்டு தீயருகே வந்து உட்கார்ந்து, ஓர் ஓட்டுச் சில்லைக் கனலில் வைத்து அதில் கதிரைப் போட்டாள். பொரியும் சத்தத்தில் எல்லோரும் திரும்பினார்கள்.

பெதாயா ஓடிவந்தார். "ஏய், என்ன பண்ற? முதல் கட்டு இன்னும் கர்த்தருக்குப் போகல!"

அக்கா மணியைக் கையில் தேய்த்து உமியை ஊதினாள். வாயில் போட்டு மெதுவாக மென்றாள். துப்பவில்லை.

"இந்த வருஷத்தை ஆரம்பிச்சு வச்சதே நான்தான்யா," என்றாள். "எனக்கு முந்தி யாரு திங்கணும்?"

பெதாயா எலியாத்தாவைப் பார்த்தார். எலியாத்தா மாடுகளைப் பார்த்தார். ஈட்டிக்காரர்களில் ஒருவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். யாரும் அவளைத் தொடவில்லை. பெதாயா கழுதையின்மேல் ஏறினார். மாடுகள் ஆற்றை நோக்கி இறங்கின. எங்கள் சிவப்பு எருது ஒருமுறை திரும்பிப் பார்த்தது. அடி விழுந்தது. அப்புறம் திரும்பவில்லை.

அக்கா ஒரு பிடியை என் பக்கம் நீட்டினாள்.

வாங்கித் தின்றேன். சூடாக இருந்தது. ஊர் சொன்னது சரி, பெரும்பாலும் உமிதான்.